ஸ்டெல்லா அக்கா பேசாத நாட்கள்

பிப்ரவரி 20, வெள்ளி

காலையிலேயே வெயில். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் பாதிதான் திருத்தினேன். நோன்பு, தலைவலி.

மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்காதது நானும் ஸ்டெல்லா அக்காவும் மட்டும். எனக்கு ரமலான், அவளுக்குத் தவக்காலம். இந்த வருடம் இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

பொங்கலில் இருந்தே அக்காவுக்குத் தொண்டை சரியில்லை. இன்று பத்து-பி-யில் இங்கிலீஷ் பாடத்தின் நடுவே குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, வெறும் காற்று. பிள்ளைகள் பயந்துபோய் என்னைக் கூப்பிட ஓடி வந்தார்கள்.

சாயங்காலம் தென்காசியில் தொண்டை டாக்டர். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல சதை வளந்திருக்கு. பயப்படுத மாதிரி கட்டி இல்ல. ஆனா ஆபரேஷன் பண்ணணும். உடனே லீவு போடுங்க டீச்சர்."

"பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் சார்." காற்றும் கரகரப்புமாக.

"அப்ப அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினா, குரல் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

தலையாட்டினாள். அந்த நிமிடத்தோடு பேச்சு நின்றது. பஸ்ஸில் நான்தான் கத்தினேன். "என்னக்கா பிடிவாதம் இது? ஒங்க குரல் போச்சுன்னா யாரு தருவா?" என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஏதோ எனக்குத்தான் நோய் மாதிரி.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று மாவரைக்க மறந்தேன். வாஷிங் மெஷின் ரிப்பேர்.

எச்.எம். சார் நல்ல மனிதர். குழம்பிப் போனார். "பேசாம எப்படி டீச்சர் இங்கிலீஷ் நடத்துவீங்க? வேற ஆளு போடுதேன்." அக்கா பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். "ஒரு வாரம் பாருங்க சார்."

ஏன் விடமாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியும். பத்து-பி-யில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பீடி சுற்றும் பிள்ளைகள். இங்கிலீஷில் ஃபெயிலானால் படிப்பு அதோடு சரி, பீடி முறத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு, பஸ் பிடித்து, மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்து இதுகளுக்கு வகுப்பெடுப்பாள். பல வருடமாக. ஒருநாள்கூட அதைப் பற்றிப் பெருமையடித்ததில்லை.

மதியம் சிலேட்டில் எனக்கு: "உனக்குத் தண்ணி கெடையாது. எனக்குப் பேச்சு கெடையாது. யாரு நோன்பு கஷ்டம்?"

பிப்ரவரி 26, வியாழன்

இதை எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது பீரியட். அடுத்த அறையில் நான், எங்களுக்கு நடுவே தட்டிச் சுவர். அங்கே பாடத்தை யாராவது வாசித்தால்தானே நடக்கும்? தினம் ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுக்கிறாள். இன்று இசக்கியம்மாள். அரையாண்டில் ஃபெயில். இங்கிலீஷ் வகுப்பில் வாயே திறக்காதவள்.

"எனக்கு வராது டீச்சர்."

பதில் இல்லை. அக்காவால் சொல்லவும் முடியாதே.

"நெசமாத்தான் டீச்சர். வேற ஆளுட்ட குடுங்க."

எட்டிப் பார்த்தேன். அக்கா அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் கொஞ்சம்கூட அவசரம் இல்லை. நாமாக இருந்தால் இதற்குள் நாலு வார்த்தை சொல்லி, சலித்து, அடுத்த பிள்ளைக்குப் போயிருப்போம்.

கடைசியில் ஒரு சொல். தப்பு. பின் பெஞ்சில் சிரிப்பு. அக்கா திரும்பவே இல்லை, மேசையில் விரலால் ஒரு தட்டு. அடுத்த சொல். இன்னொரு தட்டு. என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். "டீச்சர், இசக்கி வாசிக்கா!" நானும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். பத்தி முழுவதும் முடித்துவிட்டாள்.

எச்.எம். வராந்தாவில் நின்றிருந்தார். வேறு ஆள் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

பூசை முடிந்து அக்கா அவள் ஊருக்கு வரச் சொல்லியிருந்தாள். குற்றாலம். பேரருவியில் நூல் மாதிரித் தண்ணீர், பாறை காய்ந்து கிடக்கிறது. ஆளில்லை, குரங்குகள்தான்.

பெரிய வெள்ளியன்று ஏசுவின் பாடுகளைக் கோயிலில் பாடுவது அவள்தான். இந்த முறை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாளாம். சிலேட்டில் எழுதிச் சொன்னாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாக எழுத ஆரம்பித்தாள். "குரல் திரும்ப வராட்டா..."

ஒரு குரங்கு பாய்ந்து சிலேட்டுக் குச்சியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. அக்கா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

மிச்சத்தை நான் கேட்கவில்லை. அவளுக்கும் பயம் உண்டு. இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

இங்கிலீஷ் பரீட்சை. நல்ல வெக்கை. வாசலில் அக்கா, கையில் ஜெபமாலை. ஒவ்வொரு பிள்ளை தலையிலும் கை வைத்து அனுப்பினாள். தலையில் தட்டம் போட்ட பிள்ளைகளும் வரிசையில் வந்து தலையைக் குனிந்தார்கள்.

மதியம் இசக்கி ஓடி வந்தாள். "டீச்சர், ஒரு கேள்வி விடல! எல்லாம் எழுதிட்டேன்!" அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 21, சனி

பெருநாள். சவூதியில் தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோ காலில். பிரியாணி கொஞ்சம் குழைந்துவிட்டது. அக்கா வந்தாள். தவக்காலம், கறி கிடையாது. சேமியா மட்டும் இரண்டு கிண்ணம்.

வியாழன் திருநெல்வேலியில் ஆபரேஷன். கூடப் போகிறேன். அவளுக்காகத் துஆ செய்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். இன்றிலிருந்து பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பூசை முடிகிற நேரத்துக்குக் குற்றாலம் போய்விட்டேன்.

கோயில் வாசலில் புதுச்சேலையில் அக்கா. "வந்துட்டியாளா, மைமூன்."

ஆம்பிளைக் குரல். தடித்து, கரகரவென்று. பேசலாம், இனி பாட முடியாதாம். டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கு அங்கேயே அழுகை.

"எதுக்குளா அழுவுத? இத்தன வருசமா கத்துதேன், ஒரு பிள்ளையாவது என்னயக் கண்டு பயந்திருக்கா? இனிமே பாரு."

உள்ளே பாட்டு இன்னும் ஓயவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் கூடவே அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"காலையில மொத போன் எச்.எம். சாருக்குத்தான் போட்டேன். அடுத்த வருசமும் பத்து-பி எனக்கே வேணும்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'யாரு சார் பேசுதீங்க'ன்னு கேட்டாருளா."