உப்பில்லாத சீஸ் பாண்

குருநகர்,
10.11.2024

அன்பின் கீர்த்திக்கு,

நீர் இடமாற்றம் பெற்று அளவெட்டிப் பக்கம் போய் இரண்டு வருடமாகிறது. ஆசிரியர் அறையில் உம்முடைய கதிரையில் இப்போது கணக்கு ரீச்சர் இருக்கிறா. அவவுக்குச் சிரிக்கத் தெரியாது. மாமியின் முழங்கால் நோ எப்படி?

கந்தசஷ்டி முடிந்து பாறணையும் ஆயிற்று. இனி விரதம் என்று நீர் சாட்டுச் சொல்ல இடமில்லை. உமக்காகவே ஒரு சைவக் கலண்டர் வாங்கி, குசினியில் அடுப்புப் பக்கம், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே கொழுவியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சுபாஸ் பார்த்துவிட்டு, “நீ மதம் மாறப் போறியோ?” என்று பகிடி பண்ணுகிறார்.

பெட்டிக்குள் இருப்பது மாவைப் புளிக்க வைத்து நானே சுட்ட சீஸ் பாண். முட்டை இல்லை, மேலே பால்தான் பூசினேன். கடைச் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஏதோ சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் பசுப்பாலைக் காய்ச்சி, தேசிப்புளி விட்டுத் திரைய வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சீஸையும் நானே செய்தேன். ஒரே மாவில் இரண்டு பாண். ஒன்று உமக்கு, ஒன்று எங்களுக்கு. ரவுணில் புடவைக்கடையில் வேலை செய்கிற உம்முடைய ஊர்ப் பிரசாந்தி வழமைபோலக் கொண்டு வருவா. சாப்பிட்டுப் பார்த்து எழுதும்.

அன்புத் தோழி,
லவீனா


அளவெட்டி,
12.11.2024

அன்பின் லவீனாவுக்கு,

பாண் வந்தது. பஞ்சு போல இருந்தது. சீஸும் உப்பும் நல்ல அளவு. நான், நீ என்று பறித்துத் தின்று முடித்துவிட்டோம். மாமி இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கினா. எனக்காக இவ்வளவு மினக்கெட வேண்டுமா?

வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பயற்றம் பணியாரம் வைத்திருக்கிறேன். சுபாஸ் அண்ணைக்கும் கொடும்.

அன்புடன்,
கீர்த்தி


குருநகர்,
13.11.2024

அன்பின் பொய்க்காரிக்கு,

பணியாரம் பத்து நிமிடம்கூடத் தங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாணில் உப்பே இல்லை. சீஸில் உப்பு இருக்கும்தானே என்ற பழக்கத்தில் மாவுக்குப் போடாமல் விட்டேன். சீஸ் நான் செய்தது, அதிலும் உப்பில்லை என்பது நினைவில் வரவில்லை. எங்களுடையதைத் திங்கட்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு வெட்டினோம். வாயில் வைக்க முடியவில்லை. உமக்குப் போன் எடுக்க நினைத்தேன். பிறகு, நீர் என்ன எழுதுகிறீர் பார்ப்போம் என்று விட்டேன். உப்பு நல்ல அளவாம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

சுபாஸ் சொல்கிறார்: “பாவம் கீர்த்தி ரீச்சர். உன்ரை மனம் நோகக் கூடாதெண்டு அந்தப் பாணையும் திண்டு முடிச்சிருக்கிறா. இப்பிடி ஒரு மனுசியை எங்கை காணலாம்?”

இனிமேல் எனக்கு உண்மையைச் சொல்லும். இத்துடன் உப்புப் போட்ட சின்னப் பாண் ஒன்று வருகிறது.

லவீனா


அளவெட்டி,
17.11.2024

அன்பின் லவீனா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். போனில் சொல்ல வாய் வராது.

அந்தப் பாணை நாங்கள் தின்னவில்லை. மாட்டுக்குப் போட்டேன். அதற்கு முந்தி வந்தவற்றையும் அப்படித்தான். மாமி அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, மகள் வீட்டில் நின்றா. பழியை அவமேல் போட்டு ஒரு கடிதம் எழுதினேன், அதையும் கிழித்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தது நான். தொழுவத்துக்குக் கொண்டுபோனதும் நான்.

கடற்கரை ஆட்களின் வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. ஐந்து வருடம் உம்முடைய பக்கத்து மேசையில் இருந்தேன். உம்முடைய சாப்பாட்டுப் பெட்டி என் பக்கம் வந்தபோதெல்லாம் வெள்ளி என்றேன், சதுர்த்தி என்றேன், சஷ்டி என்றேன். அது விரதம் இல்லை லவீனா, சாதி. அதற்கு நீர் கலண்டர் வாங்கிக் கொழுவியிருக்கிறீர். அந்த வரியை வாசித்த பிறகும் என் கை பாணைத் தொடவில்லை.

கடைசியாக வந்த சின்னப் பாணைத் தின்றேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, மாமிக்குத் தெரியாமல், நின்றபடி. அப்படித் தின்றதுதான் எல்லாவற்றிலும் பெரிய வெட்கம். பெட்டியில் எதை வைத்து அனுப்ப? அது என்னிடமே இருக்கிறது. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கீர்த்திகா


குருநகர்,
08.12.2024

கீர்த்திகா ரீச்சருக்கு,

உம்முடைய கடிதத்தை மூன்று கிழமையாகக் கைப்பைக்குள் வைத்துத் திரிகிறேன். சுபாஸுக்குக் காட்டவில்லை. அவர் போகிற இடமெல்லாம் உப்பில்லாத பாண் கதையைச் சொல்லி உம்மைப் புகழ்கிறார். இன்று பூசை முடிந்து சுவாமியாரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். பிழை விட்டது நீர். வெட்கம் ஏன் எனக்கு வருகிறது என்று விளங்கவில்லை.

உம்முடைய வீட்டு மோதகம், வடை, பணியாரம் எல்லாம் ருசித்துத் தின்றோம். அதை நினைக்கத்தான் அழுகை வந்தது. கலண்டரைக் கழற்றிவிட்டேன்.

கதவைச் சாத்தித் தின்கிற பாணை இனி நான் சுட மாட்டேன். பெட்டியை நீரே கொண்டு வாரும். எங்கள் மேசையில் இருந்து தின்னும். நடந்ததைச் சுபாஸுக்கு உம்முடைய வாயால் சொல்லும். வாசலில் நின்று தந்துவிட்டுப் போகிற எண்ணம் என்றால் பிரசாந்தியிடமே கொடுத்துவிடும். அதோடு விட்டுவிடுவோம்.

லவீனா


அளவெட்டி,
12.12.2024

அன்பின் லவீனா,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணைக்கு முன்னால் எப்படி வாய் திறக்கப் போகிறேனோ தெரியாது. ஆனாலும் சொல்லுவேன்.

மாமியிடம் எங்கே போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன். “அங்கை போய்க் கை நனைக்கப் போறியோ?” என்று கேட்டா.

“ஓம் மாமி” என்றேன்.

இன்றைக்கு மத்தியானம் நான் போட்டுக் கொடுத்த சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்தா. ஏன் என்று கேட்டேன். விரதம் என்றா.

கலண்டரைப் பார்த்தேன். இன்றைக்கு ஒரு விரதமும் இல்லை.

கீர்த்தி