செங்காய்ப் பாடம்

பிப்ரவரி 12, திங்கள்

இன்று மூன்றாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை, பஞ்சாயத்துதான் நடந்தது. முதல் பெஞ்சு வாயாடியும் அவள் கூட்டாளியும் காய் விட்டுக்கொண்டார்களாம். கலர் பென்சில் தகராறு. "அவ என்னோட காய் டீச்சர். பேச மாட்டா." சரி, எப்போது பழம் விடப் போகிறீர்கள் என்று கேட்டேன். வாயாடி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறாள்: "இப்ப செங்காயா இருக்கேன் டீச்சர். பேச மாட்டேன், ஆனா பென்சில் குடுப்பேன்."

சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஆடு–கழுதை கதையை எப்படி நடத்துவது என்று ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேனே! கதையில் வருகிறவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று கேட்டால் இதுகளுக்கு ஒரே பதில்தான்: "முதல்ல கெட்டது, அப்புறம் நல்லது." நடுவில் என்ன ஆனது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். அந்த நடுவுக்குத்தான் எனக்கும் ஒரு பெயர் கிடைக்காமல் இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

நடத்திவிட்டேன். பலகையில் மூன்று கட்டம்: காய், செங்காய், பழம். கதையில், ஆடு ஒரு புல்வெளியைக் கண்டுபிடித்துவிட்டு, கூட்டாளி கழுதையிடம் "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லப்பா" என்று பொய் சொல்லித் தனியாக மேய்கிறது. பிறகு குழியில் விழுகிறது. கழுதை கத்திக் கத்தி ஆள் கூட்டிக் காப்பாற்றுகிறது. ஆடு எங்கே செங்காய் ஆகிறது? விழுந்த உடனேயா, கழுதையின் குரலைக் கேட்டபோதா? வகுப்பில் ஒரே அடிதடி.

ஒரு விதி வைத்தேன். மாறிவிட்டது என்று சும்மா சொல்லக் கூடாது. முன்னால் செய்யாத எதை இப்போது செய்கிறது, அதைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் கட்டம் மாறும். மணி அடித்தும் வாண்டுகள் எழுந்து போகவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நெட்டையிடம் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் எனக்கு எது ஜீரணமாகியிருக்கிறது? அவள் உயரத்துக்கு நான் வைத்த பெயர் அது. என்னைக் குட்டை என்பாள். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு, ஒரே பெஞ்சில் சாப்பாடு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்பையும் சேர்த்துக் கட்டி மேய்த்தவள். "அடிப்பாவி, எங்கடி உக்காந்து யோசிக்கிற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நாளை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாளாம்.

மதியம் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த வருடம் எங்கள் தற்காலிக இடம் இரண்டும் போகிறது. பதிலாக ஒரே ஒரு நிரந்தர இடம். வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு, தேர்வுக்குழு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வெளியே வந்தோம். யாரோடு போட்டி? இவளோடா? அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போடலடி. வீட்டுக்காரருக்கு எப்படியும் மாத்தல் வரும். நீ போடு. உனக்குன்னே வந்த வேலை" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 24, சனி

வீட்டில் இவரை ஆடாகவும் வாஷிங் மெஷினைக் கழுதையாகவும் வைத்து ஒத்திகை. "நான் எப்ப பழமாகணும்?" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். "உங்களுக்கு இந்த ஜென்மத்துல கிடையாது" என்றேன்.

நேற்று நெட்டை முன்னால் முழுசாக நடத்திக் காட்டினேன். முடிவில் பிள்ளைகளிடம் அவர்களுடைய சொந்தச் சண்டை ஒன்றைக் கேள், அப்போதுதான் பாடத்துக்கு உயிர் வரும் என்றாள். நல்ல யோசனை. சேர்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

நெட்டை இன்று சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் ஏதோ போலிருக்கிறது. தோண்டித் துருவிக் கேட்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து நெட்டை வருகிறாள். புதுப் புடவை, விரலெல்லாம் சாக்பீஸ். எனக்குத் தைரியம் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் — அட மக்கு! — முதலில் நினைத்தேன். சிரித்தேன்கூட. "அப்புறம் சொல்றேன்டி" என்று தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

"அடுத்தவங்க வாங்க."

உள்ளே நாலாம் வகுப்புப் பிள்ளைகள். நடத்திக் காட்ட வருகிற எல்லோருக்கும் அதே பிள்ளைகள்தானாம். பலகையை ஈரத் துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். 'காய்' என்று எழுதினேன். நான் திரும்புவதற்குள் மொத்த வகுப்பும் கத்துகிறது: "செங்காய்! பழம்!" நடு பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "ஆடு குழில விழுந்ததும் செங்காய் டீச்சர். அந்த டீச்சர் சொல்லிட்டாங்களே" என்கிறாள்.

குழுவில் இருந்த கண்ணாடிக்காரர் புன்னகைத்தார். "இப்பத்தானே பார்த்தோம் மேடம். ரெண்டு பேரும் ஒரே இடத்துலேருந்து எடுத்தீங்களா?"

ஒரே இடம்தான் சார், என் வாயிலிருந்து. சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டாவதாக வந்தவள்தானே காப்பி அடித்தவள். கைவசம் வேறு பாடமும் இல்லை. ஏதோ உளறினேன். உளறுகிறேன் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

போடலடின்னு சொன்னியே. கையப் புடிச்சிக்கிட்டு சொன்னியேடி. பின்பெஞ்சுல உக்காந்து பார்த்து, ஒத்திகை பார்த்து, திருத்தம் வேற சொல்லி — அந்தத் திருத்தம்கூட எனக்காக இல்லையா? உனக்காகச் சரி பண்ணிக்கிட்டதா? நான் உன் முன்னாடி ஆடு மாதிரி கத்திக் காட்டினப்ப மனசுக்குள்ள என்னடி நெனச்சே? சீ.

இவர் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். "கழுத்தறுத்துட்டா" என்றேன். யார் என்று கேட்கிறார். பெயரைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். நானே இன்னும் நம்பவில்லையே.

மார்ச் 6, புதன்

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்து மடக்கினேன். எத்தனை வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்! வாயில் வந்தது ஒன்றுதான்: "ஏன்டி?"

"மாத்தல் கேன்சல் ஆயிடுச்சு. கடைசி நாள்தான் போட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"சரி, போட்ட. பாடம்?"

"எனக்கு வேற எதுவும் தோணலடி." பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். நிறைந்து வழிந்தது. பிறகு நிமிர்ந்து, "அதுவும் அது உன் வார்த்தையா? அந்த வாயாடிப் பொண்ணு சொன்னதுதானே? நீ எடுத்தா பாடம், நான் எடுத்தா திருட்டா?" என்றாள்.

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. பாதி உண்மை. அந்தப் பாதியை எங்கே தேடிப் பிடித்தாளோ. ஆனால் நான் அந்தக் குழந்தையிடம் பொய் சொல்லி எடுக்கவில்லையே? அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் எடுக்கவில்லையே? இந்தப் பதிலெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் வரிசையாக வருகிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 12, செவ்வாய்

ஆடு கதையை முடிக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு. கடைசிப் பக்கத்தில் ஆடு மன்னிப்புக் கேட்கிறது, கழுதை "பரவாயில்லை" என்கிறது, இரண்டும் சேர்ந்து மேய்கின்றன. சுபம். வாசிக்கும்போதே எனக்குக் கடுப்பு. எழுதினவரை யாராவது ஒருநாள் ஏமாற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

வாயாடி எழுந்தாள். "ஆடு பழமாயிடுச்சு டீச்சர். புல்லு இருக்கிற இடத்தைக் காட்டிடுச்சு. ஆனா கழுதை?"

"கழுதைக்கு என்ன?"

"அதைத்தானே ஏமாத்துனாங்க. அதுவும் மாறியிருக்கும்ல? அதுக்கு மட்டும் நாம ஏன் கட்டமே போடல?"

எந்த வாத்தியார் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. "வீட்டுல யோசிச்சிட்டு வாங்க" என்று தப்பித்தேன். எங்கள் தொழிலுக்கென்றே கடவுள் கொடுத்த வாக்கியம்.

மார்ச் 21, வியாழன்

வேலை அவளுக்குத்தான். ஆசிரியர் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் பொறாமைக்காரி, தட்டியதால் "பெரிய மனசும்மா உனக்கு" என்றார் தலைமையாசிரியை. இரண்டுமே இல்லை.

அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. நெட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிவிடுவேனோ என்று. இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவள் பயந்ததே கிடையாது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கடைசி நாள். பிள்ளைகள் அழுதார்கள். நெட்டை கட்டிப்பிடித்தாள். என் கையும் பழக்கதோஷத்தில் அவள் முதுகுக்குப் போய்விட்டது. "மனசுல வெச்சுக்காதடி." "சேச்சே."

ஜூன் 4, செவ்வாய்

புதுப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். சம்பளமும் குறைவு. ஜன்னல் மட்டும் பெரிசு.

ஜூன் 19, புதன்

இன்று வகுப்பில் புதிதாக ஒன்று செய்து பார்த்தேன். பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்தே கதையைத் தொடங்குவது. வம்புக்கென்றே பிறந்த கடைசி பெஞ்சுகூட மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் அதே சந்தோஷம், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததே தெரியவில்லை.

சாயங்காலம் நெட்டை போன் செய்தாள். அடுத்த மாதம் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கெல்லாம் அவள் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். "ஒண்ணுமே தோணமாட்டேங்குதுடி. நீ அங்க புதுசா என்ன பண்ற?"

"புத்தகத்துல இருக்கிறத அப்படியே ஒப்பிக்கிறேன். இங்க அதுவே பெருசு" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அவளிடம் பொய் இத்தனை சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

நன்றாகத்தான் பேசினோம். அவள் வீட்டுக்காரரின் முட்டிவலி, என் பஸ் நெரிசல். நடுவில் சிரித்தேன்கூட. வைக்கும்போது அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "பயந்துக்கிட்டேதான்டி போன் பண்ணேன். நல்லவேளை, நீ கொஞ்சம்கூட மாறல."

"நான் எங்க மாறப் போறேன்" என்றேன்.