சந்தனம் காய்ந்த பென்டிரைவ்

எடியே, உன் அம்மா இன்று காலை நீர்வேலியிலிருந்து பஸ் ஏறிப் புத்தூருக்கு, என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் படியேற மாட்டார். இன்று கை வெறுமை. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் மேசையில் வைத்தார். உன் நீலப் பென்டிரைவ். மூடியின் இடுக்கில் அந்தச் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை, பிளாஸ்ரிக் நாற்றம்தான்.

"உதுக்குள்ளை அவளின்ரை குரல் கிடக்குமே பிள்ளை?" என்று கேட்டார்.

டெங்கு உன்னைக் கொண்டுபோய் ஒரு மாரி கடந்துவிட்டது. உன் ஃபோனின் பூட்டை ஒருவராலும் திறக்க முடியவில்லை. கலியாண வீடுகளிலோ, வீடியோக் கமராவைக் கண்டால் ஓடி ஒளிகிற ஆள் நீ. அம்மாவிடம் உன் படங்கள் அல்பம் நிறையக் கிடக்கின்றன. குரல் மட்டும் ஒன்றுமே இல்லை. கம்பஸில் இறுதி வருட ஆய்வுக்காக நீர்வேலி வாழைத் தோட்டக்காரர்களோடு கதைத்துப் பதிந்தாயே, அந்த ஒலிப்பதிவுகள் இதற்குள் இருக்க வேண்டும். அதை நம்பித்தான் அவர் வந்திருந்தார்.

என் கணினியும் இப்போது கிழடுதான். தொடக்கிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்தால்தான் முகம் காட்டும். பென்டிரைவைச் சொருகினேன். உடனே திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி எழும்பியது. அன்ரிவைரஸ். ஆபத்தான கோப்பு இருக்கிறதாம், அழிக்கவா என்று கேட்கிறது. உள்ளே பார்த்தால் உன் கோப்புறைகள் ஒன்றையும் காணோம். வளைந்த அம்புக்குறி போட்ட ஒரேயொரு சோர்ட்கட் மட்டும் நின்றது.

கண்டதும் தெரிந்துவிட்டது. அதே வைரஸ்! நீ பிறகும் அந்தக் கொமினிகேஷன் கடைக்கே பிரின்ற் எடுக்கப் போயிருக்கிறாய், கழுதை. எத்தனை தரம் சொன்னேன் உனக்கு.

"என்ன பிள்ளை சிவப்பாய்க் காட்டுது? எல்லாம் போயிட்டுதோ?" என்றார் அம்மா. மௌஸில் வைத்த விரலை எடுக்கவும் பயம், அமத்தவும் பயம்.

அன்றும் இப்படித்தான். கம்பஸுக்குக் கிட்ட, எங்கள் திருநெல்வேலியில் நாங்கள் இருந்த போர்டிங்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய கணினி. சரஸ்வதி பூசைக்கு வீட்டுக்கார அக்கா அதற்கும் சந்தனப் பொட்டு வைத்து, கீபோர்ட்டில் செவ்வரத்தம்பூ வைத்துவிட்டார். எங்கள் பென்டிரைவுகளைக்கூட விடவில்லை, வாங்கித் தட்டத்தில் அடுக்கிப் பொட்டு வைத்தார். பூசையில் ஏறின சாமானை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. கணினியைப் போடாமல் அன்ரிவைரஸை எப்படி அப்டேட் செய்வது? அது பாட்டுக்குப் பழசாகிப் பூவுக்குக் கீழே நித்திரை கொண்டது.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துக் கணினியைப் போட்டோம். ஆளுக்காள் வரிசையில் நின்று, தங்கள் பென்டிரைவைச் சொருகி, ஆய்வில் ஒரு வரியாவது எழுதிவிட்டுக் கழற்ற வேண்டும். அதுதான் எங்கள் போர்டிங்கில் ஏடு தொடக்குவது. யாருடைய பென்டிரைவிலோ கொமினிகேஷனில் பிடித்த வைரஸ் இருந்திருக்கிறது. சாமி கும்பிட்ட கையோடு எல்லோருக்கும் பங்கு வைத்தோம். கடைசியில் நின்றவள் நீ. மறுநாள் ஆய்வைக் கையளிக்க வேண்டும். அதற்கு வேறு பிரதி இல்லை. சொருகினாய், திறந்தாய், எல்லாம் சோர்ட்கட். உன் முகம் வெளிறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எனக்கு வந்த கோபம்! "பூசை பூசையெண்டு அப்டேட் செய்ய விட்டியளே அக்கா? இப்ப சரஸ்வதி வந்து ரைப் அடிச்சுத் தருவாவோ?" என்று கத்திவிட்டேன். அந்த நேரத்திலும் நீ, "சரஸ்வதியை ஏனடி இழுக்கிறாய்? அவ பேசாமல்தான் இருந்தவ. கொமினிகேஷன்காரனைப் பேசு" என்றாய். ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்ரநெற் டொங்கிளைப் போட்டு அன்ரிவைரஸை அப்டேட் செய்தோம். வெளியே ஐப்பசி வானம் கறுத்து இடி உருளத் தொடங்கியது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பச்சைக் கோடோ நகர மாட்டேனென்று நிற்கிறது. கணினியின் காற்றாடி இரைகிற இரைச்சலில் எங்களுக்கு இடிச் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. முதலில் எங்களோடு போர்டிங்கில் இருந்த ரஜிதாவின் பென்டிரைவைத்தான் துப்புரவாக்கினோம். வைரஸும் போனது, சோர்ட்கட்டுகளும் போயின. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. "ஐயோ, எல்லாத்தையும் திண்டிட்டுதடி!" என்று அவள் அழுதாள். இனி என்ன கிடக்கிறது என்ற ஆத்திரத்தில் தானே அதை ஃபோர்மற்றும் செய்துவிட்டாள்.

அடுத்தது உன்னுடையது. அதுவும் அப்படியே வெறுமையாகத் தெரிந்தது. ரஜிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஃபோர்மற் பண்ணிப்போட்டு இருந்து திருப்பி அடி, வேறை வழியில்லை" என்றாள். என் கை அதற்குப் போய்விட்டது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் நகம் பட்டு எரிந்தது.

"பொறடி. அழிக்காதை. உது எவ்வளவு நிறைஞ்சிருக்கெண்டு முதல் பார்."

பார்த்தோம். ஒன்றுமே தெரியாத அந்தப் பென்டிரைவ், முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருப்பதாகக் காட்டியது.

"பாத்தியே? ஒண்டும் போகேல்லை. உள்ளுக்கைதான் கிடக்கு, ஒளிச்சு வைச்சிருக்கு" என்றாய். உனக்கும் நிச்சயம் இல்லை என்று எனக்குத் தெரியும். உடுப்பிட்டியில் கணினி படித்துக்கொண்டிருந்த உன் மச்சானுக்கு ஃபோன் போட்டாய். கட்டளை கொடுக்கிற கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய வரியை அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நீ எனக்குச் சொல்ல, நான் அடித்தேன். கோப்புறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது நீ என் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் என் சட்டைத் தோள் நனைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அதற்குள் எல்லாம் வேறோர் இடத்தில் பிரதி ஏறியிருந்தது.

இன்று சிவப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மணிக்கட்டில் அந்த எரிவு திரும்பி வந்தது. அழிக்கவில்லை. முதலில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தேன். அநேகமாக முழுவதும் நிறைந்திருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியை அடித்தேன். ஓர் எழுத்துத் தவறியது. கணினி விளங்கவில்லை என்றது. திரும்ப அடித்தேன். திரை அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது, அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த பிடியில் நாற்காலியும் சேர்ந்து நடுங்கியது. பென்டிரைவ் பழசு. உள்ளே பழுதாகியிருந்தால் நான் என்ன சொல்லி இந்த மனிசியை பஸ் ஏற்றுவேன்?

கோப்புறைகள் வந்தன. ஒலிப்பதிவுகள் என்று நீ பெயரிட்டது கடைசியில் வந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். பிறகுதான் சிவப்புப் பெட்டிக்கு, அழி என்று சொன்னேன்.

பதிவுகளுக்குள் மிகச் சின்னதற்கு 'ரெஸ்ற்' என்று பெயர். அதைத் திறந்தேன். கொஞ்சம் இரைச்சல், எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. பிறகு நீ.

"எணை அம்மா, நான் கதைக்கிறது கேக்குதே?"

அன்று அவர் கிணற்றடியில் நின்றிருப்பார் போல. பதிவில் பதிலே இல்லை. நீ இன்னும் சத்தமாகக் கேட்கிறாய், உனக்கே உரிய அந்த எரிச்சலோடு: "எணை, கேக்குதெண்டால் சொல்லனணை!"

என் தலைக்கு மேலாகக் குனிந்து, திரைக்குக் கிட்ட வாயை வைத்து, உன் அம்மா சொன்னார்: "கேக்குது பிள்ளை. நல்லாய்க் கேக்குது."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லையடி.

மிச்சப் பதிவுகளை அவர் இன்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்றுவிட்டார். தோட்டக்காரர்கள் சொன்ன வாழை முறிந்த கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க வருவாராம். அவரிடம் இருப்பது பொத்தான் ஃபோன். அதில் ஒன்றையும் ஏற்ற முடியாது. அதனால் இடையில் ஆசை வந்தால் எனக்கு அழைப்பதாகப் பேச்சு. பின்னேரம் வீடு போய்ச் சேர்ந்ததும் அழைத்தார். பத்திரமாகப் போய்விட்டேன் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"அந்தச் சின்னனை ஒருக்காப் போடு பிள்ளை" என்றார்.

ஃபோனைக் கணினிக்குக் கிட்டப் பிடித்தேன். நீ கேட்டாய். அவர் பதில் சொன்னார்.