தொப்புளிலிருந்து முழங்கால் வரை

அன்புள்ள டோர்மட்டுக்கு,

உங்களுக்கும் ஆடுகளுக்கும் வணக்கம். ஆடுகள் நலம் என்று தெரியும்; அவற்றைப் பற்றித்தானே பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். இங்கே இன்வர்னஸ் தையல் கடையில் நான் நலம். தையல் நாற்காலிதான் என் பாரம் தாங்காமல் முனகுகிறது.

உங்கள் அண்ணன் மகள் கிர்ஸ்டியின் கல்யாணத்துக்கு உங்களுக்குத் தைக்கும் கில்ட் பாவாடைக்கு நீங்கள் அனுப்பிய அளவு வந்தது. இடுப்பு முப்பத்தெட்டு. போன கில்ட்டுக்கு நாற்பத்து நான்கு. கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன்.

"ஆம்பளைங்களே இப்படித்தான்க்கா," என்றாள் பக்கத்து மேசை ஷோனா. "தொப்பைக்குக் கீழ, பேன்ட் நிக்கிற இடத்துல டேப்பைச் சுத்திட்டு இடுப்புன்னு எழுதிடுவாங்க. கில்ட்டு தொப்புள்கிட்ட நிக்கணும்னு எவனுக்குத் தெரியுது?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தொப்புள் எங்க இருக்குன்னே மறந்திருக்கும்டி," என்றேன்.

பிறகுதான் நீளத்தைப் பார்த்தேன். தொப்பைக்குக் கீழே அளந்திருந்தால் முழங்கால் வரை இருபது அங்குலம்தான் வந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பது இருபத்து நான்கு, பழைய அளவேதான். சரியான இடத்தில்தான் அளந்திருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஆறு அங்குலம் எங்கே போயிற்று, டோர்மட்? அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள், ஆடுகள் தின்றதை அல்ல. அலமாரியில் என் நீல ஸ்வெட்டர் இருக்கிறது. குளிருக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இப்போது உங்களுக்குச் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போங்கள். வலி ஏதும் இருந்தால் அவரிடமாவது மறைக்காதீர்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். துணியை இன்னும் வெட்டவில்லை. சனிக்கிழமைக் கப்பலில் தீவுக்கு வருகிறேன், நானே அளக்கிறேன்.

உங்கள்
பெகி