அண்ணிக்கு, சர்க்கரையை மறைத்தவள் எழுதுவது

அண்ணி,

இன்று காலை தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கர்ப்பிணிப் பெண், எலுமிச்சை வாசம் அடித்த குளுக்கோஸ் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அந்த வாசம் என்னை இரும்புலியூர் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டது. உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்திருந்தேன், அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் உங்கள் அம்மா, "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா?" என்றார். கூசிப்போனேன். இன்சுலின் ஊசியைக் குளியலறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டேன். வளைகாப்பில் யாருக்கும் தெரியக்கூடாதென்று, ஊட்டிய கேசரியையெல்லாம் சிரித்தபடி விழுங்கினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எல்லார் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நீங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனீர்கள். பிரசவமான தாய்மார்கள் கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை எடுத்து வளர்ப்பது உங்கள் வேலை. மைக்ரோஸ்கோப்பில் முதல் தட்டைக் காட்டினீர்கள். தரையில் கல் பதித்ததுபோல் செல்கள் நெருங்கி ஒட்டியிருந்தன. சர்க்கரை அதிகம் கலந்து வளர்த்த இரண்டாவது தட்டில் அங்கங்கே இடைவெளி. சில செல்கள் சுருங்கிக் கிடந்தன.

"பாப்பாவோட ரத்தக்குழாயையும் நான் இப்படிக் கெடுத்துட்டேனா அண்ணி?"

"தட்டு வேற, உடம்பு வேற. பயப்படாத. நஞ்சுக்கொடியிலேர்ந்து வர்ற ஹார்மோன் உன் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடல. அது உன் தப்பில்ல. ஆனா நீ வெக்கப்பட்டு மறைச்சா சுகர் குறையாது."

பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "எனக்கும் இருந்துச்சு. வீட்ல சொல்லல. ஊசியும் போட்டுக்கல. எட்டாம் மாசம் குழந்தை வயித்துலயே போயிடுச்சு."

திருஷ்டி என்றுதான் வீட்டில் அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சமையலறையில் நின்று இதையே உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ, இவளைச் சொன்னதெல்லாம் உன்னையும் சொன்னதாடி?" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஹாலிலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டேன். நேரமானால் அவரே நினைவுபடுத்துவார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவள் தொப்புள்கொடியை உங்கள் ஆய்வுக்கே கொடுத்தேன்.

கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பின்னாளில் திரும்பி வரலாம், இதயத்தையும் பாதிக்கலாம் என்று என்னை எச்சரித்தது நீங்கள்தான். ஆனால் உங்கள் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லியே கடத்தியிருக்கிறீர்கள். நான் ஒருமுறையாவது "நீங்க டெஸ்ட் பண்ணீங்களா அண்ணி?" என்று கேட்டேனா? உங்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். அந்த வலியிலேயே நீங்கள் போன நாளிலிருந்து அதுதான் என்னைக் குறுக வைக்கிறது.

போன வாரம் மகள், அத்தை எப்படிச் செத்துப்போனார் என்று கேட்டாள். உங்கள் கதையையும் என் கதையையும் சொன்னேன். நாளைக்கு அவளும் கர்ப்பமானால் சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றேன். இதையெல்லாம் பேசும்போது இன்னமும் என் தலை குனிந்துவிடுகிறது அண்ணி. குனிந்தபடியே முழுவதையும் சொல்லி முடிக்கிறேன்.