பச்சை பூசாத கிறிஸ்துமஸ்

மதினி,

எதிர்வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை தெருவைத் தாண்டி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று வரை மழை. எந்த மரத்தைத் தொட்டாலும் ஈரம் கையில் ஒட்டுகிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் இறங்கிப்போய் அவர்களோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. கதவு இடுக்கில் நீங்கள் செருகிவைத்த கோணி ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அந்த ஊசியைப் பார்த்ததும் சண்டை வருஷங்களில் வந்த அந்த டிசம்பர்தான் நினைவுக்கு வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போன அண்ணனிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் முன்வாசல் தூண்களுக்கும் ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்கும் பச்சைப் பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. போகும்போதே ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். அம்மா அதை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்து, "இன்னைக்கே ஆரம்பிங்கட்டி" என்றாள்.

பழைய பெயிண்ட் ஒரு தூணின் அடியில் கொப்பளித்து நின்றதை நீங்கள்தான் பார்த்தீர்கள். விரலால் தட்டினீர்கள். சத்தம் மொத்தென்று செத்துப்போய் வந்தது. கோணி ஊசியை வைத்து அழுத்தினீர்கள். வாழைத்தண்டுக்குள் இறங்குவதுபோல் காதுவரை இறங்கிவிட்டது. நான் கரையான் என்றேன்.

"கரையான்னா மண்ணு இருக்கும்லா? இது தண்ணி குடிச்சே செத்த மரம்ட்டி" என்று மேலே பார்த்தீர்கள். விரிசல் விட்ட ஓடு ஒன்றின் வழியாகத் தூண் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. கைமரத்தின் நுனிகளும் அப்படித்தான். "ஐப்பசி கார்த்திகை மழையை மரம் குடிச்சு முடிக்குது, நாம மார்கழியில பெயிண்ட் அடிச்சு அதை உள்ள வச்சுப் பூட்டிருதோம். வருஷா வருஷம் இதையே செஞ்சிருக்கோம்" என்றீர்கள். நம் தெருவில் கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றிலும் இந்தத் தப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த வருஷம் பெயிண்ட் கிடையாது என்று நீங்கள் சொன்னதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாவு விழுந்த வீடுதான் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையும் பெயிண்டும் காணாமல் கிடக்கும். அது சபை முழுக்கத் தெரிந்த வழக்கம்.

"பூசலைன்னா துக்க வீடும்பாக. எம்பிள்ளைக்கு நீயே முடிவு கட்டிட்டியா?"

உங்கள் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் குரல் இறங்கவில்லை. "அத்தே, அவிய வந்து சாயுததுக்குத் தூணு வேணும். பச்சை பொறவு பூசிக்கிடலாம்."

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினீர்கள். மரக்கடை பாய் நல்ல மனுஷன். "பெயிண்ட் அடிச்சீங்கன்னா ரெண்டு வருஷம் தள்ளிருமேம்மா" என்றார். "தள்ளுததுக்கு வரலை பாய், மாத்த வந்திருக்கேன்" என்றீர்கள். காய்ந்த தேக்கை உங்கள் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தே எடுத்தீர்கள். பாய் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

செட்டியார்பட்டியிலிருந்து ஆசாரி வந்தார். வாசல் சார்ப்புக் கூரைக்குப் பனங்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, தூணை எங்கே அறுப்பது என்று நீங்களும் அவரும் நெடுநேரம் வாதாடினீர்கள். ஊசி இறங்காத இடம் வரை போகவேண்டும் என்பதில் நீங்கள் பிடித்த பிடியை விடவில்லை. அழுகலை வெட்டியெடுத்து, புதுக்கட்டையை ஒட்டுப்போட்டு இறுக்கி, அடியில் கல் வைத்துத் தூக்கி நிறுத்தினார். கைமர நுனிகளையும் அதேபோல் மாற்றினார். விரிசல் ஓடு போய் நல்ல ஓடு வந்தது. பழைய பெயிண்டை மட்டும் நீங்களே சுரண்டினீர்கள். அண்ணன் பூசிய பச்சை சுருள் சுருளாக உங்கள் மடியில் விழுந்தது. கண் கலங்கியது, கை நிற்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் வீடு தோலுரித்ததுபோல் நின்றது. ஆராதனை முடிந்து வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒரு பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். அம்மா உங்களோடு பேசுவதை நிறுத்தினாள். நீங்களோ எல்லோருக்கும் முறுக்கும் அதிரசமும் எடுத்து வைத்து, "மரம் காயலை, அதான் பூசலை" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மாசியில் வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவினீர்கள். பங்குனி வெயிலில் மரம் முறுகக் காய்ந்த பிறகு அண்ணன் வைத்துவிட்டுப் போன அதே டப்பாவைத் திறந்தீர்கள்.

அண்ணன் சண்டை முடிந்து வந்தான். ஒரு மழை நாளில், எலும்பும் தோலுமாக. வாசலேறியவன் உள்ளே வர மாட்டாமல் அந்தத் தூணில் மொத்தமாகச் சாய்ந்தான். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து அவனைப் பிடித்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக உங்களைப் பார்த்து, "தாங்கிருச்சே தாயி" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓர் அக்கா, "மதினி தவறின வருஷம்லா, அதான் வீட்டுக்குப் பூசலை என்ன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படி இல்லை என்பது, மதினி? நீங்கள் இல்லாத வீடு துக்க வீடுதான்.

இன்று ஊசியை வைத்துப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடம் இரும்பாக இருக்கிறது. தூணின் உச்சிப் பக்கம், பழைய மரத்தில், ஊசி இறங்கியது. ஓடு மறுபடி விரிசல் விட்டிருக்கிறது.

"இப்போ எதுக்குட்டி இதெல்லாம்? யாருக்கு?" என்றான் அண்ணன். நீங்கள் போனதிலிருந்து சாயங்காலம் முழுவதும் அவன் அந்தத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

விடிந்ததும் ராஜபாளையம் போகிறேன். ஊசி என் பையில் இருக்கிறது. பங்குனியில் பச்சை பூசுவேன்.