கடைசி அத்தியாயத்து ஜன்னல்

என் பிரியமான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகுதான் உன் நாவலை நிறையப் பேர் படிக்கிறார்கள். சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டம் அதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது. எழுதியவளின் தங்கையாயிற்றே என்று போனேன். போயிருக்கக் கூடாதோ?

உன் அமலா, புருஷனின் அடிக்குப் பயந்து கொள்ளிடம் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். அப்புறம் அவளைக் காணோம். கடைசி அத்தியாயத்தில் பெயரில்லாத ஒருத்தி ஜன்னலைத் திறக்கிறாள். அவள் அமலாதானா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. அமலா ஆற்றோடு போய்விட்டாள் என்றார் ஒரு பெரியவர். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி விடவில்லை.

"ஜன்னல தொறந்தா கருவாட்டு வாசனையும் கெமிக்கல் நாத்தமும் ஒண்ணா வருதுன்னு எழுதிருக்காங்க சார். கடலூர் முதுநகர வுட்டா வேற எந்த ஊரு? அவ சாவல."

எல்லோரும் கைதட்டினார்கள். அது நம் வீட்டு மாடி ஜன்னல். நீ அமலா என்று பெயர் வைத்தவள் அந்த நேரம் அங்கேதான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளை நீ கூட்டிவந்தது நம் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிறகு ஏன் அக்கா அந்த வாசனையை எழுதினாய்? மறந்துபோயா, இல்லை யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றா?

பின்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார்.

"நான் பெண்ணாடத்துலேர்ந்து வரேங்க. கதை படிக்கிற ஆள் இல்ல. என் தங்கச்சி படிச்சிட்டு, நம்ம வீட்டுக் கதையாட்டம் இருக்குதுன்னா. என் பொண்டாட்டி அந்தப் பாலத்தாண்டதான் காணாம போனா. அவ அம்மா வீட்ல போட்டோவுக்கு மாலையே போட்டாச்சு. நான்தான் நம்பல." என் பக்கம் திரும்பினார். "முதுநகர்ல எந்தத் தெருங்க?"

குரலில் அவ்வளவு மரியாதை. அவள் முதுகுக் காயங்களுக்கு மருந்து போட்டவள் நான்.

"அது கதைங்க. எங்க அக்கா கற்பனையா எழுதுனது" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

மாடியில் இருந்த அவளிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்கம்மா எனக்கு மாலை போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். விடிந்ததும் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் அந்த ஆள் போட்டோவைக் காட்டி ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து வாசலில் வண்டி நின்றாலே கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன், அவரும் படிக்கலாம். படிக்கட்டும். மாடி காலியாக இருக்கிறது.

இதை எழுதச் சொன்னது அவள்தான். பஸ் ஏறும்போது சொன்னாள்: "நான் உயிரோட இருக்கேன்னு எழுதுங்கக்கா. எங்கம்மாவுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. எங்க இருக்கேன்னு மட்டும் வேணாம்."

எழுதிவிட்டேன். எங்கே என்பதை, அவளைப் பெற்ற அம்மாவே வந்து கேட்டாலொழிய, என் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது. உனக்கு இது என் வாக்கு.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா